செகண்ட் ஹேண்டுன்னா அப்படித்தானா?

ஆன்லைன்ல ஒரு பழைய லென்ஸ் வாங்கி, பார்சலைப் பிரிச்சு, கண்ணாடியை வெளிச்சத்துல திருப்பிப் பார்த்ததும் வயிறு கலங்கினவங்க நம்ம காலேஜ்ல நிறைய பேர் இருக்காங்க. விற்றவருக்கு மெசேஜ் போட்டா எல்லாருக்கும் வர்ற பதில் ஒண்ணுதான்: "செகண்ட் ஹேண்டுன்னா அப்படித்தான் ப்ரோ இருக்கும்." அதுக்கப்புறம் ப்ளூ டிக் மட்டும் விழும். நாமளும் நம்ம தலையெழுத்துன்னு விட்டுடுறோம்.

இந்தப் பதிலை ஏத்துக்கக் கூடாதுங்கிறது என் கட்சி. செகண்ட் ஹேண்டுங்கிறது பொருளுக்கு எத்தனை வயசுன்னு சொல்ற வார்த்தை. "கீறல் இல்லை, பூஞ்சை இல்லை, பத்துக்குப் பத்து கண்டிஷன்"னு எழுதி வித்துட்டு, கீறலோட அனுப்பினதுக்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது. ஆனா இதைக் கோபமா சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. அளந்து சொல்லணும். நாலு வருஷம் லேப்ல ரீடிங் எடுத்தவங்க நாம, இங்கேயாவது அது உதவட்டும்.

சென்னைல இருக்கிறவனுக்கு இது பெரிய விஷயமே இல்லை. கேமராவைத் தூக்கிட்டு மெட்ரோ ஏறிப் போவான், ஏதாவது டீக்கடையில உட்கார்ந்து லென்ஸை மாட்டி நாலு படம் எடுப்பான், பிடிச்சா காசு கொடுப்பான். அருப்புக்கோட்டைல இருந்தோ திருச்சுழில இருந்தோ தேடினா விற்கிறவர் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்னுதான் வரும். நமக்குக் காசு முன்னாடி போகும், கண்ணு பின்னாடிதான் போகும். அந்தக் காசும் சும்மா வந்ததில்லை. கல்யாண ஆர்டர்ல செகண்ட் கேமராவா நின்னு, ராத்திரி ரிசப்ஷன்ல இருந்து விடியக்காலை முகூர்த்தம் வரைக்கும் முழிச்சு, பங்குனிப் பொங்கலுக்கு முத்துமாரியம்மன் கோவில் கூட்டத்துல இடிபட்டுச் சேர்த்தது. அய்யாயிரம் ரூபாய் லென்ஸ்னா சிலருக்கு ஒரு சீசன் உழைப்பு. அதனால "விடு மச்சான், போனா போகுது"ன்னு சொல்றவங்க பேச்சை நான் ரசிக்கிறதில்லை.

சரி, பார்சல் வந்துடுச்சு. முன் கண்ணாடியில கீறல் இருக்கு. என்ன பண்ணணும்? முதல்ல, இந்தக் கீறல் படத்தைக் கெடுக்குதான்னு பார்க்கணும். கண்ணுக்கு அசிங்கமாத் தெரியறது வேற, படத்தைக் கெடுக்கிறது வேற. இதுக்கு ரெண்டு தொலைநோக்கியோட கதை சொல்றேன், கேளுங்க.

அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல மெக்டொனால்ட் வானாய்வகம் இருக்கு. அங்கே 107 அங்குலக் கண்ணாடி வச்ச ஒரு பெரிய தொலைநோக்கி. 1970 பிப்ரவரியில அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த ஒருத்தர் அந்தக் கண்ணாடியைக் கைத்துப்பாக்கியால பல தடவை சுட்டுட்டார். கண்ணாடி சில்லு சில்லாச் சிதறலை. குண்டு பட்ட இடத்துல குழி விழுந்துச்சு. அந்தக் குழிகளோடதான் அது அதுக்கப்புறம் பல பத்தாண்டுகளா வானத்தைப் பார்க்குது. சேர்ற வெளிச்சம் கொஞ்சம் குறைஞ்சது, அவ்வளவுதான்.

அடுத்தது நாம எல்லாரும் கேள்விப்பட்ட ஹபிள். 1990 ஏப்ரல்ல மேல போச்சு. 2.4 மீட்டர் கண்ணாடி, அவ்வளவு வழவழப்பாத் தீட்டினது, ஒரு கீறல் கிடையாது. ஆனா அதோட வடிவத்தைச் சரிபார்த்த கருவிக்குள்ள ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. அந்தத் தப்பான அளவை நம்பித் தீட்டினதுல கண்ணாடியோட ஓரம் 2.2 மைக்ரான் அளவுக்குக் கூடுதலாத் தட்டையாயிடுச்சு. வந்த படமெல்லாம் மங்கல். 1993 டிசம்பர்ல விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் கண்ணாடிகளை மாட்டின பிறகுதான் உலகம் பார்த்த அந்த அழகான படங்கள் வந்துச்சு.

துப்பாக்கிக் குண்டு வாங்கினது பிழைச்சது, கீறலே இல்லாதது தடுமாறினது. உங்க கையில இருக்கிற லென்ஸுக்கும் இதே விதிதான். மேல இருக்கிற கீறல் பெரும்பாலும் தாங்கும். உள்ளே ஒரு கண்ணாடி இடம் தள்ளிப் போயிருந்தா தாங்காது.

கணக்காவே பார்த்துடலாம். 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8 திறப்பு. திறப்போட விட்டம் 50 வகுத்தல் 1.8, அதாவது சுமார் 27.8 மி.மீ. பரப்பு ஏறக்குறைய 606 சதுர மி.மீ. உங்க கீறல் 5 மி.மீ. நீளம், 0.1 மி.மீ. அகலம்னு வச்சுக்குங்க. பரப்பு அரை சதுர மி.மீ. மொத்த வெளிச்சத்துல அது மறைக்கிறது 0.08 சதவீதம். முகத்துல இருந்து வர்ற ஒவ்வொரு புள்ளியோட வெளிச்சமும் அந்த முழு வட்டத்துலயும் பரவி வர்றதால, கீறல் கோடாப் படத்துல விழாது. ஆனா அதே லென்ஸை எஃப் 16க்குச் சுருக்குங்க. விட்டம் 3.1 மி.மீ. ஆயிடும், பரப்பு 7.7 சதுர மி.மீ. கீறல் சரியா நடுவுல இருந்தா இப்ப அது மறைக்கிறது 4 சதவீதம், கிட்டத்தட்ட 50 மடங்கு. அதனால போர்ட்ரெய்ட் எடுக்கிறவனுக்குக் கவலை இல்லாத கீறல், கண்மாய்க் கரையில நின்னு எஃப் 16ல சூரிய அஸ்தமனம் எடுக்கிறவனுக்குக் கவலைதான். எதிர்வெளிச்சத்துல கீறல் ஒளியைச் சிதறடிச்சு, படம் முழுக்க வெளிறின மாதிரி ஆகும். பின் கண்ணாடியில கீறல்னா கதையே வேற. அங்கே வெளிச்சம் குறுகி சென்சாருக்குப் பக்கத்துல வந்துடுது, சின்னக் கீறலும் தெரியும்.

இப்ப சோதனைக்கு வருவோம். எல்லாம் ஒரு சாயங்காலத்துல முடியுற வேலைதான்.

லென்ஸோட பின்பக்கம் இருந்து மொபைல் டார்ச்சை அடிச்சு, முன்பக்கமா சாய்வாப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி இழை இழையாத் தெரிஞ்சா பூஞ்சை. குளிர்காலத்துக் கண்ணாடி மாதிரி சீரான மூட்டம்னா உள்ளே ஆவி படிஞ்சிருக்கு. ஓரத்துல வானவில் நிறமோ குமிழோ தெரிஞ்சா, ஒட்டின ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பசை விட்டுப்போச்சு. சும்மா நாலு தூசி தெரிஞ்சா விட்டுடுங்க. நம்ம கரிசக்காட்டுப் புழுதியில ஒரு வருஷம் புழங்கின எந்த ஜூம் லென்ஸ்லயும் அது இருக்கும், படத்துல தெரியாது.

அடுத்து திறப்பு. எஃப் 16ல வச்சு வேகமாத் தொடர்ந்து பத்துப் படம் எடுங்க. ஒண்ணு வெளுத்தும் ஒண்ணு கறுத்தும் வந்தா திறப்பு இதழ்கள்ல எண்ணெய் ஏறி ஒட்டுதுன்னு அர்த்தம்.

முக்கியமான சோதனை மூலை. பூசாத செங்கல் சுவரு நம்ம ஊர்ல பஞ்சமே இல்லை. கேமராவை ட்ரைபாட்ல நேரா வச்சு, திறப்பை முழுசாத் திறந்து, சுவரை எடுங்க. நாலு மூலையையும் பெருசாக்கி ஒப்பிட்டுப் பாருங்க. நாலும் ஒரே அளவு மங்கலா இருந்தா அது அந்த லென்ஸோட இயல்பு. மூணு நல்லா இருந்து ஒண்ணு மட்டும் கலங்கி இருந்தா உள்ளே கண்ணாடி சாஞ்சிருக்கு, எங்கேயோ கீழே விழுந்திருக்கு. சந்தேகமா இருந்தா ராத்திரி நட்சத்திரத்தை எடுங்க. இதுல நமக்கு ஒரு வசதி உண்டு. சென்னைக்காரனுக்கு லென்ஸ் பார்க்க ஆள் இருக்கு, நமக்கு இருட்டு இருக்கு. திருச்சுழி தாண்டி நரிக்குடி ரோட்டுல நின்னா வானம் முழுக்கச் சோதனைப் புள்ளி. நடுவுல நட்சத்திரம் புள்ளியா விழணும். மூலைகள்ல கொஞ்சம் வால் முளைக்கும், பரவாயில்லை. ஆனா வால் நாலு மூலையிலும் ஒரே மாதிரி இருக்கணும்.

எனக்கு நடந்ததையும் சொல்லிடுறேன், ஏன்னா கணக்கு போட அது உதவும். போன வருஷம் வெளியூர்ல ஒரு தனிநபர்கிட்ட 5,200 ரூபாய்க்கு ஒரு 50 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். விளம்பரத்துல "பத்துக்குப் பத்து"ன்னு போட்டிருந்தார். வந்தது முன் கண்ணாடியில கீறல், ஃபில்டர் வளையத்துல நசுங்கல். சுவரை எடுத்தா வலது மேல் மூலை மட்டும் கஞ்சி. கேட்டதும் "கூரியர்காரன் போட்டிருப்பான்"னு சொன்னார். அட்டைப்பெட்டி நசுங்கவே இல்லை. நசுங்கின இடத்துல பளபளன்னு புது உலோகம் தெரியலை, கறுப்பா அழுக்கு ஏறி இருந்தது. ரெண்டு நாள் பயணத்துல அந்த அழுக்கு சேராது. பார்சலைப் பிரிக்கும்போதே எடுத்த வீடியோ, விளம்பரத்தோட ஸ்க்ரீன்ஷாட், நாலு மூலைப் படம், நசுங்கலோட க்ளோசப், எல்லாத்தையும் ஒரே மெசேஜா அன்னைக்கே அனுப்பினேன். திட்டி ஒரு வார்த்தை இல்லை. இந்தக் குறைகளை வெளிப்படையாச் சொல்லி விற்கிற அதே லென்ஸ் 3,500க்குப் போகுது, அதனால ஒண்ணு முழுப் பணம் தாங்க, இல்லேன்னா 1,700 தாங்கன்னு கேட்டேன். முதல்ல 500ன்னார். பன்னிரண்டு நாள் இழுத்து 1,700 அனுப்பினார். திருப்பி அனுப்பி மறுபடி ஒரு கூரியர் பயணத்துல மாட்டிக்கிறதை விட இதுவே மேல்னு தோணுச்சு. பொண்ணு மாப்பிள்ளை முகம் வலது மேல் மூலையில வராதே!

அவர் அசையாம இருந்திருந்தா? இங்கேதான் சட்டத்தைக் கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்கணும். நான் வக்கீல் இல்லை, ஆனா இந்தச் சட்டமெல்லாம் இணையத்துல சும்மாவே கிடைக்குது.

விற்றது கடைக்காரரா தனிநபரான்னு முதல்ல பாருங்க. ஆன்லைன் தளத்துல வியாபாரமாவே பழைய பொருள் விற்கிறவர்னா, 2020ஆம் ஆண்டு வந்த மின்வணிக விதிகள் அவருக்குப் பொருந்தும். பொருள் பழுதாவோ விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாமலோ இருந்தா திருப்பி எடுத்துக்க மறுக்கக் கூடாது. தளத்துக்கும் ஒரு குறைதீர் அலுவலர் இருக்கணும். புகார் வந்ததை 48 மணி நேரத்துல ஒப்புக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். நடக்கலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுக்கும் மேல, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்துல நமக்கு ரொம்பப் பிடிச்ச பிரிவு ஒண்ணு இருக்கு. விற்றவர் எந்த ஊர்ல இருந்தாலும், நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம். திருச்சுழிக்காரர் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, ரெண்டு வருஷ அவகாசம் இருக்கு. "நீ கல்யாண ஆர்டர் எடுக்கிறவன், வணிகத்துக்கு வாங்கினே, நீ நுகர்வோரே இல்லை"ன்னு எதிர்தரப்பு சொல்லலாம். பிழைப்புக்காகத் தானே தொழில் பண்றவர் வாங்கின பொருளுக்கு அந்தத் தடை இல்லைன்னு சட்டத்துலயே விளக்கம் இருக்கு.

தனிநபர்னா இந்தக் கதவெல்லாம் பெரும்பாலும் திறக்காது. அதுக்காக ஒண்ணுமே இல்லைன்னு இல்லை. 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தோட 15ஆவது பிரிவு, வர்ணனையை வச்சு விற்ற பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்தணும்னு சொல்லுது. அதுல புதுசு பழசுன்னு பேதம் இல்லை. வாங்கினவர் பொருளைச் சோதிச்சுப் பார்க்க நியாயமான வாய்ப்பு கிடைக்கிற வரைக்கும் அதை ஏத்துக்கிட்டதா ஆகாதுன்னு 41ஆவது பிரிவு. ஆனா நியாயமான காலத்துக்குள்ள "வேண்டாம்"னு சொல்லாம வச்சுக்கிட்டா ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம்னு 42ஆவது பிரிவு. அதனாலதான் அன்னைக்கே மெசேஜ் போடணும்னு நான் கத்துறேன். இன்னொரு பக்கமும் இருக்கு, மறைக்காமச் சொல்லணும். கூரியர்ல ஒப்படைச்சதுமே பொருள் உங்ககிட்ட வந்த மாதிரின்னு அதே சட்டம் பொதுவா எடுத்துக்கும். அதனால உண்மையிலேயே வழியில உடைஞ்சிருந்தா உங்க வாதம் பலவீனம். காசு அனுப்புறதுக்கு முன்னாடியே "நல்லபடியா வந்து சேர்றது உங்க பொறுப்பு"ன்னு எழுதி, அவர்கிட்ட ஒரு "சரி" வாங்கி வச்சுக்குங்க. பூஞ்சைக்கு இந்தக் கூரியர் சாக்கு செல்லாது. அது மூணு நாள்ல முளைக்கிறது இல்லை.

பொருளே வரலை, பெட்டிக்குள்ள செங்கல்தான் இருந்ததுன்னா அது மோசடி, சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்க. அந்த எண்ணும் 1930. சட்டம் வந்த வருஷமும் அதேங்கிறது தற்செயல்தான், ஞாபகம் வச்சுக்க வசதி.

பேச்சு நடக்கும்போது தயவுசெஞ்சு லென்ஸைக் கழட்டாதீங்க. மெக்கானிக்கல் மூளை அரிக்கும், தெரியும். கழட்டினா அது உங்க பொருள்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி, அப்புறம் எந்தப் பழுது யார் பண்ணினதுன்னு பிரிக்க முடியாது. ஜப்பான் லென்ஸ் திருகு பார்க்க நம்ம சாதா நட்சத்திரத் திருகு மாதிரியே இருக்கும், ஆனா அதோட வெட்டு வேற அளவு. நம்ம ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகினா தலை வழுக்கிடும். பூஞ்சை போகும்னு சித்திரை வெயில்ல காய வைக்கிற வைத்தியமும் வேண்டாம். வறண்ட காத்துல பூஞ்சை வளர்றது நிக்கும், ஆனா ஏற்கெனவே அது கோட்டிங்கை அரிச்ச தழும்பு எந்த வெயில்லயும் போகாது. நம்ம ஊரு வெயில்ல லென்ஸுக்குள்ள கிரீஸ் இளகி இதழ்கள்ல இறங்கும். மூடி போடாத லென்ஸ் ஜன்னல்ல கிடந்தா துணியைப் பொசுக்கிடும். தறி ஓடுற வீட்டுப் பிள்ளைங்களுக்கு இதை நான் தனியாச் சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் வாங்குறவன் பக்கம். ஏப்ரல் வந்தா ஃபைனல் இயர் எல்லாரும் கேமரா, ட்ரைபாட், லென்ஸ்னு ஜூனியர்ஸ் தலையில கட்டுற சீசன். டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல "குட் கண்டிஷன்"னு ரெண்டு வார்த்தை, பளபளன்னு ஒரு படம், விலை. வெளியூர் ஆளை நாம என்ன சொல்லித் திட்டினோமோ, அதை அப்படியே நம்ம தம்பிங்க நம்மளைச் சொல்லலாம். நம்ம போட்டோகிராபி கிளப் ஒரு வழக்கம் கொண்டு வரணும்னு கேக்கிறேன். காலேஜ் குரூப்ல விற்கிற எந்த லென்ஸுக்கும் டார்ச் அடிச்ச வீடியோ ஒண்ணு, சுவரோட நாலு மூலைப் படம் ஒண்ணு, குறைகளோட பட்டியல் ஒண்ணு. இல்லேன்னா அட்மின் போஸ்ட்டைத் தூக்கட்டும்.

நானே ஆரம்பிக்கிறேன். விற்பனைக்கு: 50 மி.மீ. எஃப் 1.8, முன் கண்ணாடி நடுவுக்குப் பக்கத்துல 5 மி.மீ. கீறல், ஃபில்டர் வளையம் நசுங்கல், ஃபில்டர் ஏறாது. வலது மேல் மூலை எஃப் 4 வரைக்கும் மங்கல், எஃப் 8ல சுமார். பூஞ்சை இல்லை, ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யுது, இதழ்கள் சுத்தம். பதினோரு கல்யாணம் பார்த்தது. விலை 3,000. ஹாஸ்டலுக்கு உங்க கேமராவோட வாங்க, ஒரு நாள் வச்சிருந்து எடுத்துப் பார்த்துட்டுக் காசு கொடுங்க.